திருவுளமும் திருவுளச்சீட்டும்

நம் மொழியில் ஒரு சொல் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு உறுத்துகின்றது. நாலு காகிதத் துண்டுகளில் எதையோ எழுதி, சுருட்டி, செம்பிலிட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கின்றோமே, அதற்குத் 'திருவுளச்சீட்டு' என்று பெயர். சுருட்டிய காகிதத்துக்குள் இறைவனின் உள்ளம் சுருண்டு கிடக்கின்றது என்று நம்மவர் எண்ணிய எண்ணத்தை அச்சொல் இன்றுவரை சுமந்து நிற்கின்றது.

திருவிழாவின் ஐந்தாம் நாள் எந்த அன்பியத்துக்கு, தேர்வடத்தை முதலில் எத்தெருவார் பிடிப்பது என்பதற்கெல்லாம் சீட்டு எடுப்பதில் நமக்கு யாதொரு வழக்கும் இல்லை. சண்டையைத் தவிர்க்க அது நல்ல வழி. பங்கிட வேண்டியதைப் பங்கிடுவதற்குச் சீட்டெடுப்பதைப் புனித தோமா அக்குவினாரும் பெருங்குற்றமாகக் கொள்ளவில்லை. நம் வழக்கு வேறு. மகளை யாருக்குக் கொடுப்பது, மகன் குருமடம் செல்வதா, இருக்கும் வேலையை விட்டுவிட்டு வளைகுடா நாட்டுக்குப் போவதா, பூர்வீக வீட்டை விற்பதா என்னும் கேள்விகளை அந்தோனியார் சுரூபத்தின் பாதத்தடியில் சீட்டாக வைக்கின்றோம். நள்ளிரவில் திருவிவிலியத்தைக் கண்மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாகக் கொள்கின்றோம். செபக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஆண்டவர் உனக்குச் சொல்கின்றார்" என்றதும் மறுபேச்சின்றித் தலையாட்டுகின்றோம். இவை அனைத்திற்கும் 'விசுவாசம்' என்று பெயரிட்டுக்கொள்கின்றோம். இது விசுவாசம் அன்று, சிந்திப்பதற்கு அஞ்சிய சோம்பல் என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். சிலருக்கு மனம் நோகலாம், நோகட்டும்.

முதற்கண் நம் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இளங்குருவாக ஒரு கிளைப் பங்கில் பணியாற்றியபோது, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒருவர் சக்கிறிஸ்தி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு வெற்றிலைப் பெட்டி. அதனுள் இரண்டு சீட்டுகள். "சாமி, மாதா பீடத்துல ஒன்பது நாள் வச்சு செபிச்சாச்சு. ஆண்டவர் கையா நெனச்சு நீங்க ஒண்ண எடுத்துக் குடுங்க" என்றார். நாமும் சிலுவை வரைந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். அவர் கண்ணீர் மல்க முழந்தாளிட்டார். நமக்கும் உள்ளூர ஒரு பெருமிதம், மறைப்பானேன்?

அவை அவருடைய மகளுக்கு வந்த இரண்டு வரன்களின் பெயர்கள் என்பதை அப்போதே அறிவோம். அந்தப் பெண் மூன்றாவதாக ஒருவரை விரும்பினாள் என்பதைத் திருமணம் முடிந்த பின்னரே அறிந்தோம். அவரும் கத்தோலிக்கர், அதே ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றவர், பள்ளி ஆசிரியர். சாதி மட்டும் வேறு. ஆகவே அவருடைய பெயர் சீட்டில் எழுதப்படவில்லை. வெற்றிலைப் பெட்டிக்குள் இறைவன் தேர்ந்துகொள்வதற்கென்று அத்தந்தை அனுமதித்திருந்தது இரண்டே பெயர்களை. அந்த எல்லைக்குள் ஆண்டவர் தம் திருவுளத்தை வெளிப்படுத்திக்கொள்ளலாம். எல்லையைத் தாண்டக் கூடாது. அதற்கு முத்திரையிட்ட கை நம்முடையது.

சீட்டின் சூழ்ச்சியே இதுதான். கேள்வியை வகுப்பவர் நாம். விடைகளை எழுதுபவர் நாம். எதை எழுதாமல் விடுவது என்று முடிவு செய்பவரும் நாமே. பின்னர் பொறுப்பை மட்டும் விண்ணகத்துக்கு அனுப்பிவிடுகின்றோம். திருமணம் இனித்தால் 'ஆண்டவர் அமைத்தது'. கசந்தால் 'ஆண்டவர் தந்த சிலுவை'. தந்தைக்கும் பொறுப்பில்லை, சாமியாருக்கும் பொறுப்பில்லை. புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் பிற சபைகளிலிருந்து நம்மிடமும் வந்துவிட்டது. செழிப்பும் உயர்வும் சுகமும் தரும் வசனங்களே அதில் வருகின்றன. தன்னலம் துறந்து சிலுவையைச் சுமக்கச் சொன்ன வசனம் யாருக்காவது வந்ததுண்டா? வராது. அதை யாரும் அச்சடிப்பதில்லை.

இதற்கு மறுப்பாக, யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டுத்தானே தெரிந்தெடுத்தார்கள் என்று பங்குப்பேரவைகளில் நம்மைக் கேட்டோர் பலர். உண்மைதான், திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தில் அது உள்ளது. ஆனால் இரண்டாம் அதிகாரத்தையும் படிக்க வேண்டாமா? அங்கே தூய ஆவி இறங்கி வருகின்றார். அதன்பின் அந்நூல் முடியும்வரை ஒருமுறைகூடச் சீட்டு இல்லை. கைம்பெண்களின் அன்றாடப் பங்கீட்டில் முறையீடு எழுந்தபோது, எழுவரைத் தெரிந்தெடுக்கும்படி சகோதரர் கூட்டத்திடமே சொன்னார்கள். பிற இனத்தார் விருத்தசேதனம் பெற வேண்டுமா என்னும் பெருஞ்சிக்கல் வந்தபோது எருசலேமில் கூடினார்கள்; நெடுநேரம் வாதிட்டார்கள்; பேதுரு எழுந்து பேசினார்; பர்னபாவும் பவுலும் தாங்கள் கண்டதை எடுத்துரைத்தார்கள்; யாக்கோபு மறைநூலைக் கொண்டு அதைச் சீர்தூக்கினார். அதன் பின்னரே தூய ஆவியாரும் தாங்களும் சேர்ந்து முடிவு செய்ததாக மடல் எழுதினார்கள். அவ்வளவு வாதம் நடந்த இடத்தைத்தான் தூய ஆவியாரின் இடமாக அவர்கள் கண்டார்கள். இந்த வேறுபாட்டைச் சுட்டியே, திருச்சபைப் பொறுப்புகளுக்கு ஆள் தேர்வதில் சீட்டைப் பயன்படுத்துவது தகாது என்று அக்குவினார் எழுதினார். திருநூலைத் திறந்து குறி பார்க்கும் வழக்கத்தைக் கி.பி. 506-இல் ஆக்டே நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் கண்டித்துவிட்டது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் நாம் திறந்துகொண்டே இருக்கின்றோம்.

அகுஸ்தினார் திறந்து படித்துத்தானே மனந்திரும்பினார் என்பர். 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் அவர் உரோமையர் மடலைத் திறந்தது மெய். அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் தேடினார், யாருடைய மறையுரைகளைக் கேட்டார், எவ்வளவு அழுதார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவ்வசனம் நீண்ட போராட்டத்தின் இறுதியில் வந்தது. போராட்டத்தைத் தவிர்ப்பதற்காக வந்ததன்று. மேலும், நற்செய்தி ஏடுகளில் குறி பார்த்து உலகக் காரியங்களை நடத்துவது தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியவரும் இதே அகுஸ்தினார்தாம்.

தெளிந்து தேர்தல் என்னும் கலையைத் திருச்சபைக்கு முறைப்படுத்தித் தந்தவர் புனித இஞ்ஞாசியார். அவரும் ஒருமுறை சீட்டுப் போட்டார் என்றால் வாசகர் வியப்பர். அவருடைய சீட்டு ஒரு கோவேறு கழுதை.

1522-ஆம் ஆண்டு அவர் மொன்செராத் மலையிலுள்ள மாதாவின் திருத்தலத்தை நோக்கிப் பயணமானார். வழியில் ஓர் இசுலாமியர் உடன் வந்தார். பேச்சு அன்னை மரியாவைப் பற்றித் திரும்பியது. ஆணின்றிக் கருவுற்றதை ஏற்ற அம்மனிதர், பேறுகாலத்துக்குப் பின்னும் அவர் கன்னியாக இருந்தார் என்பதை ஏற்க மறுத்து, விரைந்து முன்னே சென்றுவிட்டார். அன்னையின் மாண்பைக் காக்கத் தவறிவிட்டோமே என்று இஞ்ஞாசியாரின் நெஞ்சு கொதித்தது. பின்தொடர்ந்து சென்று குறுவாளால் குத்திவிடலாமா என்று எண்ணினார். முடிவு செய்ய இயலவில்லை. பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். கழுதை அம்மனிதர் சென்ற ஊருக்குத் திரும்பினால் குத்துவது. நெடுஞ்சாலையில் சென்றால் விட்டுவிடுவது. ஊர் முப்பது நாற்பது அடித் தொலைவில்தான் இருந்தது. அதற்குச் செல்லும் பாதையும் அகலமாக, நன்றாக இருந்தது. ஆயினும் கழுதை நெடுஞ்சாலையில் சென்றது.

தம் இறுதி ஆண்டுகளில், 1553-க்கும் 1555-க்கும் இடையே, தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி எழுதச் செய்தபோது இந்நிகழ்ச்சியை அவர் மறைக்கவில்லை. ஆர்வம் மிகுந்திருந்தும் தம் ஆன்மா அப்போது எவ்வளவு குருடாயிருந்தது என்பதற்கே இதைச் சான்றாகக் காட்டினார். கழுதை நேர்வழி சென்றது இறைவனின் இரக்கம். அதனால் கழுதையைக் கேட்டது சரியாகிவிடாது. இன்னும் ஆழ்ந்து பார்த்தால், அங்கே கேட்டிருக்கவே கூடாத கேள்வி ஒன்று கேட்கப்பட்டது. கொலை செய்யாதே என்பது கட்டளை. கட்டளை உள்ள இடத்தில் தேர்வதற்கு என்ன இருக்கின்றது? பின்னாளில், 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதலளித்த 'ஆன்மப் பயிற்சிகள்' நூலில் இதையே விதியாக்கினார்: தேர்வுக்கு உரியவை நல்லவையாகவோ, தம்மளவில் நன்மை தீமை அற்றவையாகவோ இருக்க வேண்டும்.

இந்த விதியை நம் வெற்றிலைப் பெட்டியோடு பொருத்திப் பாருங்கள். திருமுழுக்குப் பெற்ற ஒருவரைச் சாதியின் பெயரால் தள்ளுவதா கொள்ளுவதா என்பது செபித்துத் தேர வேண்டிய பொருளா? 'சாமி, செபிச்சுப் பார்த்தோம், மனசு ஒப்பவில்லை' என்று நம்மிடம் சொல்லும் பெற்றோரே, உங்கள் மனம் ஒப்பாத காரணம் செபிப்பதற்கு முன்பே உங்கள் தெருப்பெயரில் எழுதியிருக்கின்றது. 'மன அமைதி இல்லை' என்பதை இறைவனின் மறுப்பாகக் கொள்வதில் பெரிய ஏமாற்று ஒன்று ஒளிந்திருக்கின்றது. பழகிய பாவத்தைக் கலைக்கும்போதும் மனம் அமைதி இழக்கத்தான் செய்யும்.

அப்படியானால் தேர்வது எவ்வாறு? 1521-இல் பம்பலோனாக் கோட்டையில் குண்டடிபட்டுக் கால் முறிந்து படுத்திருந்த காலத்தில் இஞ்ஞாசியாருக்கு அதன் முதற்பாடம் கிடைத்தது. உயர்குலப் பெண் ஒருத்திக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களைக் கனவு கண்டார், இனித்தது. பிரான்சிசைப் போல், தோமினிக்கைப் போல் வாழ்ந்தால் என்ன என்று எண்ணினார், அதுவும் இனித்தது. முன்னது நீங்கியபின் நெஞ்சு வறண்டது. பின்னது நீங்கிய பின்னும் மகிழ்ச்சி தங்கிற்று. அந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தொடங்கினார், அவ்வளவே. இனிப்பு எது என்பதன்று கேள்வி. இனிப்பு கழிந்தபின் எஞ்சுவது எது என்பதே கேள்வி. அதற்கு நாட்கள் வேண்டும். தம் சபையின் ஆலயங்களுக்கு நிலையான வருமானம் கூடுமா என்று 1544-இல் தேர்வதற்கு அவர் ஏறத்தாழ நாற்பது நாட்கள் செபித்தும் நாட்குறிப்பு எழுதியும் காத்திருந்தார். நாமோ ஒரு வாழ்நாளின் கேள்விக்குச் சீட்டைப் பிரிக்கும் நேரத்தை மட்டுமே ஒதுக்குகின்றோம்.

மன்ரேசாவில் இருந்தபோது, படுக்கச் செல்லும் வேளையில் அவருக்குப் பெரும் ஆன்ம ஒளிகள் தோன்றின. உறங்குவதற்கென்று தாம் ஒதுக்கிய சிறு நேரத்தையும் அவை விழுங்குவதைக் கண்டு ஐயுற்று, அவற்றை விலக்கிவிட்டு உறங்கினார். விடிய விடிய ஒலிபெருக்கி வைத்துச் செபிக்கும் நண்பர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1545-இல் புனித சவேரியார் மயிலாப்பூருக்கு வந்து, திருத்தூதர் தோமாவின் கல்லறையருகே நான்கு மாத காலம் தங்கினார். தென்கடற்கரையில் அவர் திருமுழுக்கு அளித்த மக்கள் காத்திருந்தனர். கிழக்கே மலாக்காவும் அழைத்தது. இரண்டும் நல்லவையே, அதனால்தான் தேர்தல் தேவைப்பட்டது. இறைவனின் திருவுளத்தை உள்ளத்தில் உணரச் செய்யும்படி அக்கல்லறையில் மன்றாடி, ஆழ்ந்த ஆறுதலோடு மலாக்கா செல்ல உறுதி கொண்டார். கப்பல் கிடைக்காவிடில் கட்டுமரத்திலேனும் போவேன் என்னுமளவுக்கு அவ்வுறுதி இருந்ததை அவருடைய மடல் காட்டுகின்றது. சீட்டெடுத்தவருக்கு இவ்வுறுதி வராது. அடுத்த மாதமே இன்னொரு சீட்டு எடுக்கத் தோன்றும்.

வறட்சியும் துயரமும் மூடிய வேளையில் முன்பு எடுத்த நல்முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் மற்றொரு விதி. கணவரைப் புதைத்து முப்பது நாள் ஆகாத கைம்பெண் ஒருவரிடம், வீட்டை விற்று ஊழியத்துக்குக் கொடுக்கும்படி 'ஆண்டவர் சொன்னதாக' ஒருவர் அறிவித்தார். அந்தப் பெண் விற்றார். இன்று தம் தங்கை வீட்டுத் திண்ணையில் இருக்கின்றார். ஆவிகளைச் சோதித்தறியச் சொன்ன யோவானின் மடலை அந்தக் கூட்டத்தில் யாரும் வாசித்திருக்கவில்லை.

இறைமக்களை மட்டும் கடிந்துகொண்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. குருக்களாகிய நமக்கு இந்நிலை வசதியாக இருக்கின்றது. 'சாமி சொன்னால் சரி' என்று நிற்கும் மக்களை நடத்துவது எளிது. தேர்ந்து தெளிந்தவர்கள் கேள்வி கேட்பார்கள். மனச்சான்று மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் திருவிடம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. மனச்சான்றுகளை உருவாக்கவே அழைக்கப்பட்டுள்ளோம், அவற்றின் இடத்தில் நாம் அமர்ந்துகொள்வதற்கன்று என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் நினைவூட்டினார். 2022 ஆகஸ்டு முதல் 2023 சனவரி வரை புதன் மறைக்கல்வியில் தெளிந்து தேர்தலைப் பற்றியே தொடர்ந்து பேசினார். அவ்வுரைகளை நம் பங்குகளில் எத்தனை மறையுரை மேடைகள் எடுத்துச் சொல்லின? நாம் அப்போது சப்பரத்துக்கு மின்விளக்கு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம், நாமும்தான்.

சென்ற தவக்காலத்தில் ஒரு தாய் இரண்டு சீட்டுகளோடு வந்தார். மகனைக் குருமடத்துக்கு அனுப்புவதா, கல்லூரிக்கு அனுப்புவதா என்பது கேள்வி. நாம் எடுக்க மறுத்துவிட்டு, இரண்டையும் மேசைமேல் பிரித்து வைத்தோம். இரண்டிலும் 'குருமடம்' என்றே எழுதியிருந்தது. நாம் திகைத்து நோக்க, "நேர்ச்சை சாமி... தப்பிப் போயிரக் கூடாதேன்னுதான்" என்றார் அந்தத் தாய், தலையைக் குனிந்தபடி. பையனைத் தனியே வரச் சொன்னோம். மூன்று சனிக்கிழமைகள் மாலை செபமாலை மணி அடிக்கும்வரை இருந்து பேசிவிட்டுப் போனான். நாலாம் வாரம், தேர்வு முடியட்டும், இன்னும் சிறிது காலம் வேண்டும் என்றான். கொடுத்திருக்கின்றோம். தாய்க்கு நம்மீது வருத்தம். இப்போதெல்லாம் பூசை முடிந்ததும் பக்கவாசல் வழியாகப் போய்விடுகின்றார்.