42 வயதில் ஒரு "புதுமுகம்"



இன்று ஜூலை 7. சாட்செல் பெய்ஜ் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரரின் பிறந்த நாள். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் எப்படியோ, பேஸ்பாலில் பிட்சர் அப்படி. பெய்ஜ் பிட்சர். "42 வயதில் பெரிய லீக்கில் நுழைந்தார், முயற்சிக்கு வயது ஏது" என்று இவரைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

42 வயதுவரை ஏன் நுழையவில்லை? திறமை போதாமலா? 1906-இல் அலபாமா மாநிலத்தில் மொபீல் நகரில் பிறந்தவர். சிறுவயதில் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பந்து வீச முறையாகக் கற்றதே அங்கேதான். (அடங்காத பிள்ளைகளைப் பற்றி வகுப்பில் நான் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும்.) 1926 முதல் கறுப்பினத்தவருக்கான தனி லீக்குகளில் ஆடினார். பெரிய லீக்கின் வெள்ளையர்களோடு காட்சிப் போட்டிகளும் உண்டு. தான் எதிர்கொண்டவர்களில் இவரே சிறந்தவர் என்று ஜோ டிமாஜியோவே சொன்னார். ஆனாலும் அந்த லீக்கில் இடமில்லை. விதிப் புத்தகத்தில் தடை கிடையாது. அணி முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்த ஏற்பாடு அது. எழுதாத விதியை எதிர்த்து யாரிடம் மனு கொடுப்பது?

1947-இல் ஜாக்கி ராபின்சன் வந்த பிறகுதான் வழி பிறந்தது. பெய்ஜோடு ஒரே அணியில் ஆடிய ஜோஷ் கிப்சன், அதற்கு மூன்று மாதம் முன்பு 35 வயதிலேயே இறந்துபோனார். எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர்!

1948-இல், இதே ஜூலை 7 அன்று, கிளீவ்லாந்து அணி பெய்ஜை ஒப்பந்தம் செய்தது. அந்தப் பருவத்தில் அவருக்கு 6 வெற்றி, 1 தோல்வி. அணி உலகத் தொடரையும் வென்றது. 42 வயதில் இப்படி என்றால் 25 வயதில் எப்படி வீசியிருப்பார்? "மிக வயதான புதுமுகம்" என்பதை அவர் சாதனையாக எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அது லீக்கை நடத்தியவர்களின் பெயரில் எழுத வேண்டிய கணக்கு.

1971-இல் புகழ் மண்டபத்தில் சேர்த்தபோதும், முதலில் தனிப் பகுதியில் வைப்பதாகத்தான் அறிவித்தார்கள். கண்டனம் எழுந்த பிறகே மாற்றினார்கள்.

எனக்குப் பிடித்தது 1965. கூட்டம் சேர்க்க, 59 வயதுப் பெய்ஜை ஆடும் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு நர்ஸையும் நிறுத்தினார்கள். அவர் எழுந்து போய் மூன்று இன்னிங்ஸ் வீசினார். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. எதிரணி பாஸ்டன், பெரிய லீக் அணிகளில் எல்லாருக்கும் கடைசியாக, 1959-இல்தான் கறுப்பின வீரரைக் களமிறக்கிய அணி.