மண்ணைக் கேட்காமல் போட்ட கணக்கு

உறைந்த மண்ணில் குண்டு எத்தனை அடி இறங்கும் என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி, அதற்கு அரசாங்கப் பணம் வேறா என்று நம் சங்க அன்பர் ஒருவர் கேட்டார். தண்டச் செலவு இல்லை என்பதே என் கட்சி. ரயில்வேயில் பாலங்களுக்கு அஸ்திவாரம் போட்ட டிப்ளமோக்காரன் நான். இதை ராணுவ விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பாலம் கட்டுமுன் நாங்கள் துளை போட்டு ஒரு சோதனை செய்வோம். 63.5 கிலோ சுத்தியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட வேண்டும். முதல் 15 செ.மீ.யைக் கழித்து, அடுத்த 30 செ.மீ. குழாய் இறங்க எத்தனை அடி பிடித்தது என்று எண்ண வேண்டும். அந்த எண்தான் மண்ணின் ஜாதகம். பீரங்கி இதையே ஒரே அடியில் செய்கிறது, அவ்வளவுதான்.

பிரான்ஸின் ராணுவ எஞ்ஜினீயர் போன்ஸ்லே, மண்ணின் எதிர்ப்பில் ஒரு பங்கு மாறாதது, மறு பங்கு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று சூத்திரம் எழுதினார். 1812-ல் நெப்போலியன் படையோடு ரஷ்யா போய்ச் சிறைப்பட்டு, பனியில் சரடோவ் வரை நடந்த மனிதர். உறைந்த தரையை அவர் கால்களும் அறிந்திருக்கும்! பின்னர் 1967-ல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் யங் என்பவர், குண்டின் எடை, பருமன், மூக்கின் வடிவம், வேகம் இவற்றோடு தரையின் குணத்தையும் ஓர் எண்ணாக்கிச் சமன்பாடு தந்தார். அந்த எண் மேஜையில் பிறந்ததல்ல. நிஜத் தரையில் குண்டுகளை இறக்கி அளந்து பெற்றது.

உறைந்த மண்ணின் குணமே விசித்திரம். ஈரக் களிமண் நமக்கு வெண்ணெய் மாதிரி. அதே ஈரம் உறைந்தால் மண்ணைச் சிமெண்டாகப் பிடித்துக்கொள்ளும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனாலும் களிமண்ணில் கொஞ்சம் தண்ணீர் உறையாமல் நிற்கும். குளிர் ஏற ஏற அதுவும் உறைந்து பலம் கூடும். சட்டென்று அடித்தால் கல்லைப் போல எதிர்க்கும். பாரத்தை வருஷக்கணக்கில் ஏற்றி வைத்தாலோ மெல்ல நகரும். ரயில்காரனுக்கு இந்த இரண்டாவது குணத்தில்தான் பயம். 2006-ல் திறந்த கோல்முட் - லாசா ரயில் பாதையில் சுமார் 550 கி.மீ. இப்படிப்பட்ட நிலம். மோசமான இடங்களில் கரை போடாமல் பாலமே கட்டினார்கள். வேறு இடங்களில் தரை உருகாதிருக்கக் குளிர்விக்கும் குழாய்களை நட்டார்கள்.

மண்ணை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? 1999-ல் நாசா இரண்டு சிறு கருவிகளைப் பாராசூட் இல்லாமல் செவ்வாயின் தென்துருவப் பகுதியில் மோதவிட்டது. மணிக்கு 600 கி.மீ.க்கு மேல் வேகத்தில் மோதி, ஒரு மீட்டர் வரை புதைந்து, தண்ணீர்ப் பனியைத் தேட வேண்டும். டிசம்பர் 3-ந் தேதிக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. போதிய சோதனை நடக்கவில்லை, ஏவத் தயாராகவே இல்லை என்றது விசாரணைக் குழு. 2018-ல் இறங்கிய இன்சைட் கலத்தின் துளைப்பானோ 5 மீட்டர் போக வேண்டியது. அரை மீட்டர்கூடப் போகவில்லை. மண் பிடிப்புத் தரவில்லை. 2021 ஜனவரியில் கைவிட்டார்கள்.

சோதனைக்கான பணத்தில் முதலில் கை வைப்பது எல்லா தேசத்து ஆபீஸ்களுக்கும் பொது போலும். எட்டுத் துளை கேட்டால் மூன்று போதாதா என்று எங்களிடமும் பேரம் பேசியிருக்கிறார்கள். நம் இஸ்ரோவை இங்கே பாராட்ட வேண்டும். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்து நிலவு மண் மாதிரி தயாரித்துச் சோதித்தார்கள். 2023-ல் சந்திரயான்-3-ன் வெப்பமானி நிலவு மண்ணில் 10 செ.மீ. இறங்கியும் காட்டியது.

நம் வீடுகளிலோ பிளஸ் டூ முடித்த பிள்ளை சிவில் என்றால் முகம் சுளிக்கிறோம். அதிலும் மண் இயல் என்றால் கேட்கவே வேண்டாம். கம்ப்யூட்டர் படித்தவர்கள் கணக்குப் போடுவார்கள், சரி. அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்ணை யார் தோண்டி எடுப்பது? அப்படி ஆசையுள்ள பிள்ளை யார் வீட்டிலாவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க நூலகத்துக்கு அனுப்புங்கள். என் பழைய நோட்டுகளோடு உட்கார்ந்திருப்பேன்.