யுரேனியத்துக்கு விலை உண்டு, நைத்திரேற்றுக்கு இல்லை

நண்டுக்கோதின் கைற்றோசான், கடற்பாசியின் அல்ஜினேற்று போன்ற உயிரியற் பல்பகுதியங்களை முப்பரிமாண அச்சில் நுண்துளைக் கட்டிகளாக வார்த்து, மாசடைந்த நீரிலிருந்து யுரேனியத்தைப் பிடித்தெடுக்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. கைற்றோசானின் அமைன் கூட்டங்கள் யுரேனியத்தைப் பற்றிக்கொள்ளும். ஐதான அமிலத்தால் கழுவினால் உலோகம் கைக்கு வரும். கட்டியை மீண்டும் பயன்படுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 30 மைக்கிரோகிராம் எல்லையைத் தாண்டிய கிணறுகள் பஞ்சாபின் மால்வாப் பகுதியில் உண்டு. அங்கே இது உதவட்டும்.

ஆனால் இதையே யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்கும் விடிவு என்று கொண்டாடும் அன்பர்களே, நம் கிணறுகளில் இருக்கும் வினை யுரேனியம் அன்று, நைத்திரேற்று. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் அள்ளிக்கொட்டிய யூரியாவும், வளவுக்கு வளவு தோண்டிய மலசலகூடக் குழிகளும் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குள் இறங்குகின்றன. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறு மழைக்கு மட்டும் ஓடும். நிலத்தடி நீரே நமக்குக் கதி.

சுன்னாகத்தை மறந்துவிட்டோமா? அங்கே அனல்மின் நிலையத்தைச் சுற்றிச் சோதித்த 150 கிணறுகளில் 109இல் எண்ணெயும் கிரீசும் அளவுக்கு மிஞ்சியிருந்தன. மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்றது! 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. ஒரு குடும்பத்துக்கு உச்சம் 40,000 ரூபா. கிணறு ஒன்றை இறைத்துத் துப்புரவாக்கவே அது போதுமா?

யுரேனியத்தை வடித்தெடுத்தால் விற்கலாம். ஆகவே ஆய்வுக்குப் பணம் வரும். நைத்திரேற்றை வடித்தெடுத்தால் ஒரு குழந்தை நீலம் பாரிக்காமல் இருக்கும், அவ்வளவே. அதற்கு யார் முதலிடுவார்?

அமிலமேற்றிய கைற்றோசான் நைத்திரேற்றையும் பற்றும் என்பது ஆய்வுகூடங்களில் காட்டப்பட்ட உண்மை. குருநகரிலும் பாசையூரிலும் நண்டு இறங்குகிறது. சதை ஏற்றுமதியாகிறது, கோது குப்பையாகிறது. மூலப்பொருள் நம் காலடியில்! இடர் வேறிடத்தில் உண்டு. நம் தண்ணீரில் மிகுந்துள்ள குளோரைட்டும் சல்பேற்றும் நைத்திரேற்றோடு இடத்துக்குப் போட்டியிடும். பிறநாட்டு ஆய்வுகூடத்தின் வடிநீரில் வென்றது இங்கே தோற்கலாம். ஆகவேதான் சோதனை இங்கேயே நடக்கவேண்டும். கிளிநொச்சியில் பொறியியற் பீடம் வைத்திருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வலிகாமத்துப் பாடசாலைக் கிணறுகள் பத்தில் இதைத் தொடங்கட்டும். அதற்கான பணத்தை, ஊர்த் திருவிழாக்களுக்கு அள்ளி அனுப்பும் புலம்பெயர் சங்கங்கள் கொடுக்கட்டும். விவசாயத் திணைக்களம் அதுவரை காத்திராமல், மண்ணைச் சோதிக்காமல் உரம் போடும் வழக்கத்தை நிறுத்த இந்தப் போகத்திலேயே தோட்டங்களுக்கு இறங்கட்டும்.