ஆடுவோரே நடுவரா?

சடுகுடு ஆடுகிறார்கள். நடுவிலே ஒரு கோடு. பாடிச் சென்றவன் பிடிபடும் வேளையில், அவனைச் சார்ந்தோர் ஓடிவந்து அந்தக் கோட்டை அழித்து, அவன் காலடியில் வேறொரு கோடு கிழித்தால் ஊர் ஒப்புமா? கைகொட்டிச் சிரிக்காதா?

ஊர் ஒப்பாத அந்த ஆட்டத்தை, உலகுக்கு ஜனநாயகம் போதிக்கும் அமெரிக்காவிலே சட்டமென்று ஆடியிருக்கிறார்கள், தோழர்களே!

அங்கே குடியரசுத் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலந்தோறும் தேர்வாளர்கள், மொத்தம் 538 பேர். 270 வாக்குப் பெற்றவர் தலைவர். தேர்வாளரை அமர்த்தும் முறையை வகுக்கும் உரிமை மாநிலச் சட்டமன்றத்துக்கு. மாநில உரிமை! நாம் போற்றும் சொல். கேட்கக் கேட்க இனிக்கும் சொல். ஆனால், அந்த உரிமை யாருக்குப் பயன்பட்டது?

1796-இல் ஜெபர்சன் மூன்றே வாக்குகளில் ஆடம்சிடம் தோற்றார். வட்டாரந்தோறும் தேர்வாளரைத் தேர்ந்த வர்ஜீனியா, ஜெபர்சனின் சொந்த மாநிலம், ஒரு வாக்கை ஆடம்சுக்குத் தந்திருந்தது. 1800-இல் பிறந்தது புதுச் சட்டம்: முந்தியவருக்கே முழுவதும்! 21 வாக்குகளும் ஜெபர்சன் மடியில். ஆடம்சின் மாசசூசெட்ஸ் சளைத்ததா? மக்கள் கையிலிருந்ததைப் பறித்து, சட்டமன்றமே தேர்வாளரை அமர்த்தியது. அங்கிருந்த 16 வாக்குகளும் ஆடம்சுக்கு!

பழங்கதையா? இல்லை. 48 மாநிலங்களில் முந்தியவருக்கே முழுவதும். மெயினும் நெப்ராஸ்காவும் மட்டுமே தொகுதிவாரியாகவும் வாக்கைப் பங்கிடுகின்றன. நெப்ராஸ்காவுக்கு 5 வாக்கு. அதிலே ஒமாகா தொகுதியின் ஒன்று, 2020-இல் பைடனுக்குப் போயிற்று. 2024 தேர்தல் நெருங்கியதும் டிரம்பின் குடியரசுக் கட்சி அந்தப் பங்கீட்டை ஒழிக்கத் துடித்தது. 'நீ மாற்றினால் நானும் மாற்றுவேன்' என்ற பாணியில் மெயினின் ஜனநாயகக் கட்சியினர் முறைத்தனர். இருவர் வாயிலும் நீதி. இருவர் நெஞ்சிலும் கணக்கு!

செப்டம்பரில், குடியரசுக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் மைக் மெக்டானல், தேர்தல் வாசலில் விதியை மாற்ற இசைய மறுத்தார். முயற்சி சாய்ந்தது. மகிழ்ச்சிதான்! ஆயினும் காத்தது சட்டமல்ல, ஒரு மனிதரின் மறுப்பு. நாளை அந்த இடத்தில் வேறொருவர் அமர்ந்தால்?

விதி மாறட்டும், வேண்டாமென்பாரில்லை. ஆனால் இன்று எழுதும் விதி, வரும் தேர்தலுக்கு அன்று, அதற்கடுத்த தேர்தலுக்கே பொருந்துமென்று முதலில் எழுதுக! எவருக்கு ஆதாயமென்று தெரியாத நாளில் எழுதப்படுவதே நீதி. தெரிந்தபின் எழுதப்படுவது சூது.

மாநில உரிமை ஆளுங்கட்சியின் உடைமையன்று, மக்களின் உடைமை. அதற்காக வாதாடும் நாம், இதையும் சேர்த்தே சொல்வோம்!