நிறத்தை விற்கும் சந்தையும் நலத்தை இழக்கும் மக்களும்

உடல்நலம் பேணுவது நல்லதொரு பழக்கம் என்பதில் இருவேறு கருத்துகளுக்கு இடமில்லை. எமது நாட்டில் நிகழும் மரணங்களுள் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேற்பட்டவை நீரிழிவு, இருதய நோய், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் ஏற்படுகின்றன. இந்நிலையில் அதிகாலையில் நடைப்பயிற்சி செய்வோரையும், சீனியைக் குறைப்போரையும் பாராட்டவே வேண்டும். ஆனால், நலம் பேணும் பழக்கம் மெல்ல மெல்ல நலத்தை வாங்கும் பழக்கமாக மாறிவருவதை நாம் காண்கின்றோம். விற்றமின் குளிசைகள், உடலைச் சுத்திகரிப்பதாகக் கூறப்படும் தேயிலைகள், புரத மாவுகள், இளமையை மீட்பதாகச் சொல்லும் ஊசிமருந்துகள் எனக் கடைகளும் கையடக்கத் தொலைபேசித் திரைகளும் நிரம்பி வழிகின்றன. இயல்பான உடலைக் குறையுள்ள உடலாகக் காட்டி, அக்குறையைப் போக்கும் பண்டத்தையும் கூடவே விற்பதுதான் இந்த வாணிபத்தின் அடிப்படை.

இவ்வாணிபத்தின் பல முகங்களுள் எமது சமூகங்களை மிக நெருக்கமாகத் தொடுவது தோலை வெண்மையாக்கும் பூச்சுகளின் சந்தையாகும். ஏனைய பல பண்டங்கள் பணத்தை மட்டும் கொண்டுபோகின்றன. இதுவோ சிலவேளை சிறுநீரகத்தையும் சேர்த்துக் கொண்டுபோகின்றது.

தெற்காசியாவில் இச்சந்தையின் வரலாறு அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1975 ஆம் ஆண்டு இந்தியாவில் ‘ஃபெயார் அண்ட் லவ்லி’ அறிமுகமானது. வேலைவாய்ப்பும் திருமணமும் வெண்ணிறத்தைத் தேடி வரும் என்பதே பல ஆண்டுகளாக அதன் விளம்பரங்களின் சாரமாக இருந்தது. 2020 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபுளொயிட் பொலிஸாரின் பிடியில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நிறவாதத்திற்கு எதிராக எழுந்த உலகளாவிய அலையின்போது, அதன் உற்பத்தி நிறுவனமான யுனிலீவர் ‘ஃபெயார்’ என்ற சொல்லை நீக்கி ‘குளோ அண்ட் லவ்லி’ எனப் பெயரை மாற்றியது. அதே ஆண்டில் ஜோன்சன் அண்ட் ஜோன்சன் நிறுவனம் தனது சில வெண்மையாக்கும் உற்பத்திகளை விற்பதையே நிறுத்தியது.

பெயர் மாறியது, விருப்பம் மாறவில்லை. முன்னர் ‘வெள்ளை’ என்று சொல்லி விற்றவர்கள் இப்போது ‘பொலிவு’, ‘பிரகாசம்’, ‘தோலின் ஆரோக்கியம்’ என்று சொல்லி விற்கின்றார்கள். நிறத்தின் மீதான ஏக்கம் ஆரோக்கியத்தின் ஆடையை அணிந்துகொண்டது. இந்த ஆடைமாற்றம் முன்னையதிலும் ஆபத்தானது என்பது எமது கருத்து. வெண்மையே அழகு என்ற கூற்றுடன் ஒருவர் வாதிட முடியும். தன் கரிய தோல் ஆரோக்கியமற்றது என நம்பவைக்கப்பட்ட பெண்ணோ வாதிட மாட்டாள், மருந்தைத் தேடுவாள்.

உண்மையில் கரிய தோல் நோயின் அடையாளமன்று. தோலிலுள்ள மெலனின் என்ற நிறப்பொருள் சூரியனின் புறஊதாக் கதிர்களிலிருந்து உடலைப் பாதுகாக்கின்றது. மத்தியகோட்டிற்கு அருகே, ஆண்டு முழுவதும் கடும் வெயில் எறிக்கும் எமது தீவில் வாழ்வோருக்கு இயற்கை வழங்கிய குடையே அந்த நிறம். அந்தக் குடையைப் பணம் கொடுத்துக் கிழித்தெறிவதைத்தான் இச்சந்தை அழகு என்கின்றது.

பெரிய நிறுவனங்களின் உற்பத்திகளை விடவும் கவலைக்குரியவை, உற்பத்தியாளரின் பெயரோ முகவரியோ சரியாக இல்லாத பூச்சுகளாகும். சில நாட்களிலேயே நிறம் மாறும் என்ற வாக்குறுதியுடன் இவை விற்கப்படுகின்றன. அந்த வேகத்திற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று பொருள்களுள் ஒன்றாகவே இருக்கும். முதலாவது பாதரசம். மெலனின் உருவாவதற்குத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியத்தை இது செயலிழக்கச் செய்கின்றது. இரண்டாவது ஹைட்ரோகுயினோன். வைத்தியரின் மேற்பார்வையில் குறுகிய காலத்திற்குப் பயன்படுத்தவேண்டிய இம்மருந்தை நீண்டகாலம் பூசினால் தோலில் நீலங்கலந்த கருமைத் தழும்புகள் தோன்றலாம். மூன்றாவது, குளோபெற்றசோல் போன்ற வீரியமிக்க ஸ்டீரொயிட் மருந்துகள். இவை முதலில் முகத்தைப் பளபளப்பாக்கும். பின்னர் தோலை மெலிதாக்கி, இரத்த நாளங்களை வெளித்தெரியச் செய்து, நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் நிலைக்குத் தள்ளும். அந்த எரிவைத் தாங்க முடியாமல் மீண்டும் அதே பூச்சை நாடுவோர் பலர்.

இம்மூன்றிலும் மிகக் கொடியது பாதரசமே. அது தோலின் வழியாகவும், ஆவியாகிச் சுவாசத்தின் வழியாகவும் உடலினுள் செல்கின்றது. சிறுநீரகத்தையும் நரம்புத்தொகுதியையும் தாக்குகின்றது. பூசிக்கொள்பவருடன் அது நிற்பதுமில்லை. ஒரே துவாயைப் பாவிப்போர், ஒரே அறையில் உறங்குவோர், தாயின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தை ஆகியோரும் அதன் தாக்கத்திற்கு உள்ளாகலாம். கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்கும் அது ஊறு விளைவிக்கக்கூடியது.

இது வெறும் அச்சமூட்டல் அன்று. எமக்கு அண்மையிலுள்ள கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டக்கல் நகரில், 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரையான காலப்பகுதியில் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தனர். சிறுநீரில் புரதம் வெளியேறி உடல் வீங்கும் அந்நோயின் அரிய வகையொன்று அவர்களுள் 15 பேரிடம் காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் தோலை வெண்மையாக்கும் பூச்சுகளைப் பாவித்தவர்கள். சர்வதேச மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியான இவ்வாய்வு, பூச்சை நிறுத்தியதும் பெரும்பாலானோரின் நிலைமை சீரடைந்ததாகவும் தெரிவிக்கின்றது. காரணத்தை உரிய நேரத்தில் கண்டறிந்தால் நோயாளியை மீட்கலாம் என்பதே இதன் பாடம்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2019 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சக்ரமென்ரோ நகரில் 47 வயதுப் பெண்ணொருவர் பேச்சுக் குழறி, நடை தளர்ந்து, நினைவு மங்கிய நிலையில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அவர் பாவித்த முகப்பூச்சில் பாதரசம் பத்து இலட்சத்தில் 12,000 பங்கு என்ற அளவில் இருந்தது. அப்பூச்சு மெக்சிகோவிலிருந்து தெரிந்தவர் மூலமாகவே அவரது கைக்கு வந்தது. தெரிந்தவர் தந்தது, உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்ற நம்பிக்கையில் பூசிக்கொள்ளும் எமது பெண்கள் இச்சம்பவத்தை மனதிற்கொள்ள வேண்டும்.

சட்டங்கள் இல்லாமலில்லை. ஜப்பானின் மினமாட்டா நகரில் தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன்களின் வழியாக மக்களை ஊனமாக்கிய கொடுமை 1956 இல் உத்தியோகபூர்வமாக இனங்காணப்பட்டது. அந்நகரின் பெயரைத் தாங்கிய சர்வதேச சமவாயம் 2013 இல் நிறைவேற்றப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஓர் அங்கத்துவ நாடாகும். அழகுசாதனப் பொருள்களில் கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம் என்ற அளவுக்கு மேல் பாதரசம் இருப்பது 2020 ஆம் ஆண்டின் பின்னர் தடைசெய்யப்பட்டது. 2023 இல் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள் அந்த எல்லையையும் அகற்றி, பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள்கள் அனைத்தையும் 2025 ஆம் ஆண்டுடன் ஒழிக்கத் தீர்மானித்தன. அதே 2023 இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் தலைமையில் 14 மில்லியன் டொலர் செலவிலான மூன்றாண்டுத் திட்டமொன்று ஆரம்பமானது. அதற்குத் தெரிவான நாடுகள் மூன்று: காபொன், ஜமேக்கா, இலங்கை. இந்தத் தெரிவே எமது நாட்டில் பிரச்சினை எவ்வளவு ஆழமானது என்பதைச் சொல்லாமற் சொல்கின்றது.

உள்நாட்டுச் சட்டத்திலோ ஓர் இடைவெளி விழுந்துள்ளது. 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனப் பொருள்கள் முதலிடம் பெற்றிருந்தன. அதற்குப் பதிலாக வந்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளையும் மருத்துவ உபகரணங்களையும் மையமாகக் கொண்டு தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைத்தது. மருந்துகளைப் பொறுத்தவரை அது முன்னேற்றமான நடவடிக்கையே. ஆயினும் அழகுசாதனப் பொருள்கள் அதன் மையத்திலிருந்து விலகிப்போய், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் தோள்களில் பெருமளவு பாரம் விழுந்தது. அரிசி விலை முதல் குடிநீர்ப் போத்தல் வரை கண்காணிக்கவேண்டிய அந்நிறுவனம், இரசாயனப் பகுப்பாய்வு தேவைப்படும் ஒவ்வொரு பூச்சையும் துரத்திப் பிடிக்கும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது. மேலும் கடையில் விற்கும் போத்தலைத் தேடிப் பிடிக்கலாம். முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் கைமாறும் டப்பாக்களைச் சோதனையிடுவது எங்ஙனம்?

ஆகவே முழுப் பொறுப்பையும் அரசாங்கத்தின் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இப்பூச்சுகளுக்கான கேள்வி எமது வீடுகளிலேயே பிறக்கின்றது. ‘வெள்ளை நிற மணமகள் தேவை’, ‘சிவந்த நிறமுடையவர் விரும்பத்தக்கது’ என்ற வரிகளைத் தாங்கிய மணமக்கள் விளம்பரங்களைப் பத்திரிகைகள் தலைமுறை தலைமுறையாகப் பிரசுரித்து வந்துள்ளன. இவ்விடயத்தில் ஊடகத்துறையும் தன்னைக் கேள்விக்குட்படுத்தவே வேண்டும். பெண் கறுப்பு என்று சொல்லிச் சீதனத்தைக் கூட்டிக் கேட்கும் வழக்கம் யாழ்ப்பாணத்திலும் உண்டு, கிழக்கின் கரையோரக் கிராமங்களிலும் உண்டு. சீதனத்திற்குக் கொடுக்க முடியாத குடும்பம் முகப்பூச்சுக்குக் கொடுக்கின்றது. அப்படிப் பார்த்தால், அந்தச் சிறிய டப்பா ஏழைப் பெண்ணொருத்தி தவணை முறையில் செலுத்தும் சீதனமே.

எமது சமயங்கள் இதற்கு இடமளிக்கவில்லை என்பதையும் நினைவூட்ட விரும்புகின்றோம். கண்ணனையும் காளியையும் கரிய மேனியராகவே கண்டு வணங்கும் மரபு எம்முடையது. வெள்ளையருக்குக் கறுப்பரை விடவோ, கறுப்பருக்கு வெள்ளையரை விடவோ இறையச்சத்தாலன்றி வேறு மேன்மை இல்லை என நபிகள் நாயகம் தமது இறுதிப் பேருரையில் உணர்த்தியதையும், கறுப்பினத்தவரான பிலால் அவர்களே முதலாவது முஅத்தினாகத் திகழ்ந்ததையும் முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர். கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஏற்றுக்கொள்ளும் உண்மையைத் திருமணப் பேச்சில் மட்டும் மறந்துவிடுவது முரண்பாடாகும்.

தன்னை அழகுபடுத்திக்கொள்வது ஒவ்வொருவரதும் தனிப்பட்ட உரிமை, அதில் தலையிட நீங்கள் யார் எனச் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கஸ்தூரி மஞ்சளும் மருதாணியும் எமது பாட்டிமார் காலத்திலிருந்தே புழங்கி வருகின்றன. அழகு நாட்டத்தை நாம் குறைகூறவில்லை. பூச்சுப் பாவிக்கும் பெண்களை ஏளனம் செய்வதும் எமது நோக்கமன்று. ஆனால், உள்ளே என்ன இருக்கின்றது என்று தெரியாத ஒன்றை, இல்லாவிட்டால் வாழ்க்கை அமையாது என்ற அச்சத்தில் வாங்குவதைச் சுதந்திரமான தெரிவு என்று அழைக்க முடியாது. தெரிவு என்பது அறிவும் அச்சமின்மையும் சேர்ந்த இடத்திலேயே பிறக்கும்.

செய்யக்கூடியவை பல உள்ளன. அழகுசாதனப் பொருள்களுக்கெனத் தெளிவான, பல்லுள்ள தனிச்சட்டமும் பகுப்பாய்வு வசதியும் வேண்டும். பகுப்பாய்வில் சிக்கிய பண்டங்களின் பெயர்கள் மூன்று மொழிகளிலும் உடனுக்குடன் வெளியிடப்பட வேண்டும். சிறுநீரக நோயாளியிடம் முகப்பூச்சுப் பாவனை பற்றி வினவுவது எமது வைத்தியசாலைகளில் வழமையாக வேண்டும். வடமத்திய மாகாணத்தைக் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் 1990களிலிருந்து வாட்டிவரும் நாட்டில், தடுக்கக்கூடிய இன்னொரு காரணத்தை அனுமதிப்பது எவ்விதத்திலும் பொருந்தாது.

வாசகர்களும் சிலவற்றைக் கவனிக்கலாம். உள்ளடக்கப் பட்டியல், உற்பத்தியாளரின் முகவரி, இறக்குமதியாளரின் விபரம் ஆகியன இல்லாத பூச்சை வாங்க வேண்டாம். ‘கலோமெல்’, ‘மெர்க்கியூரிக்’, ‘மெர்க்கியூரஸ் குளோரைட்’ என்ற சொற்கள் பாதரசத்தையே குறிக்கின்றன. தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்ற எச்சரிக்கை இருப்பின் அது பாதரசத்தின் அடையாளமாக இருக்கலாம். நகைக்கு ஆகாதது முகத்திற்கு எப்படி ஆகும்? சந்தேகத்திற்குரிய பண்டங்களைப் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்திற்கு முறையிடலாம். ஏற்கெனவே இத்தகைய பூச்சைப் பாவிப்போர் வெட்கப்படாமல் தோல் நோய் வைத்திய நிபுணரை நாட வேண்டும். ஸ்டீரொயிட் கலந்த பூச்சை நிறுத்தும்போது ஏற்படும் எரிவைச் சமாளிக்க அவரது ஆலோசனை அவசியமாகும்.

‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்று எமது முன்னோர் சொல்லி வைத்தனர். அதை வேடிக்கைப் பேச்சாக மட்டும் வைத்திருந்தது போதும். அடுத்த முறை வீட்டிற்கு மருமகள் தேடும்போது நிறத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்காமல் விடும் ஒவ்வொரு குடும்பமும், எந்தச் சட்டமும் சென்றடைய முடியாத இடத்தில் இச்சந்தையின் ஒரு கடையை மூடுகின்றது.