துறைமுகத்து நாய்களும் புண்ணாற்றும் ஒளியும்

முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துபோன தூத்துக்குடிக் கரையில், மீன்பிடித் துறைமுகத்தையும் உப்பளத்துக் குடிசைகளையும் அண்டி வாழும் நாய்களுள், காதடியிலோ கழுத்திலோ கடிபட்டு, ஈ மொய்த்துச் சீழ் பிடித்து, புழு நெளியும் புண்ணோடு அலைவனவற்றைக் காணாமல் ஒரு மழைக்காலம் கழிவதில்லை. இரக்கங்கொண்டோர் சிலர் கைக்கெட்டிய பினாயிலையோ மண்ணெண்ணெயையோ அப்புண்ணில் ஊற்றுகின்றனர். அந்தப் பிராணியின் வேதனை அதனால் இரட்டிப்பதே கண்ட பலன்.

இத்தகைய புண்களுக்கு லேசர் ஒளிச் சிகிச்சை இப்போது பெருநகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் வழக்கத்திற்கு வந்திருக்கிறது. 1967-இல் புடாபெஸ்ட் நகரத்து மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், புற்றுநோய் ஆராய்ச்சியின் நிமித்தம் மயிர் மழித்த சுண்டெலிகளின்மீது ரூபி லேசரின் மெல்லிய கதிரைப் பாய்ச்சியபோது, ஒளிபட்ட இடத்தில் ரோமம் விரைந்து முளைப்பதைக் கண்டு, பின்னர் ஆறாத புண்களிலும் அதனைப் பிரயோகித்தார். சிவப்பும் அகச்சிவப்புமான கிரணங்களை உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியா கிரகித்துச் சக்தி உற்பத்தியை மிகுதிப்படுத்துகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம்.

ஆயினும் அவ்வொளி தானாகக் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்புவது பிழை. முதலில் மயிரை மழித்து, லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைந்த சுத்தமான நீரால் கழுவி, இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, செத்த சதையை வெட்டி நீக்கி, சீழைச் சோதனைக்கு அனுப்பிய பிறகே லேசருக்கு வேலை. அப்போதும் மருத்துவர், துணைநிற்பவர், நாய் ஆகிய மூவரின் கண்களையும் காத்துக்கொள்ள வேண்டும். கறுத்த தோல் கிரணத்தை அதிகமாக உறிஞ்சிச் சூடேறுமாதலால், கருவியை ஓரிடத்தில் நிறுத்தாமல் புண்ணின் ஓரத்தைச் சுற்றி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். புற்றுக்கட்டி இருக்கும் இடத்தில் பாய்ச்சலாகாது. நாய்களிடம் செய்த பரிசோதனைகளில் சில நற்பலனைக் காட்டின. வேறு சில யாதொரு வித்தியாசத்தையும் காட்டவில்லை.

அப்படியிருந்தும் மாவட்டத் தலைநகரின் அரசு கால்நடை மருத்துவமனையில் இக்கருவி ஒன்று வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். பல அமர்வுகள் தேவைப்படும் இச்சிகிச்சைக்குத் தனியாரிடம் பணம் கட்ட, கோவில்பட்டிப் பக்கத்தில் கன்னி இன நாய் வளர்க்கும் குடியானவனால் இயலாது. தெருநாய்க்கோ பணம் கட்டுவாரே இல்லை. மிச்சம் கிடந்த மாத்திரையை இரண்டு வேளை கொடுத்து நிறுத்திவிடும் பழக்கத்தால் ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில், அம்மருந்துகளுக்குத் துணையாகக்கூடிய ஒரு முறையை, பக்கத்திலேயே திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரியை வைத்துக்கொண்டு, நம் நாய்களிடத்தில் முறையாகப் பரீட்சித்துப் பாராமல் இருப்பது நியாயமன்று.

கருவி வாங்க நிதி ஒதுக்கக் காலம் பிடிக்கலாம். அதுவரையில் உப்புநீர், கத்தரி, இடுக்கி, வெறிநோய்த் தடுப்பூசி இவற்றோடு ஒரு மருத்துவரும், நாய் பிடிக்கப் பழகிய உதவியாளர் ஒருவரும் வாரம் ஒருமுறை மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து போக மாநகராட்சியும் கால்நடைத் துறையும் கலந்து ஏற்பாடு செய்யட்டும். அதற்கு லேசருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.