பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர்?

அமெரிக்காவில் செவிலியராகப் பணியாற்ற எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வு, 1994 ஏப்ரலில் தாளிலிருந்து கணினிக்கு மாறியது. அதற்கு முன் ஆண்டுக்கு இரண்டே முறைதான் தேர்வு. படிவத்தைத் தபாலில் அனுப்பிக் காத்திருந்த காலமும் போயிற்று. இப்போது இணையத்தில் பதிவு, 200 டாலர் கட்டணம், மின்னஞ்சலில் அனுமதி.

நல்ல மாற்றம்தான்.

ஆனால் பதிவில் உள்ள பெயர் அடையாள ஆவணத்தோடு பொருந்தாவிட்டால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள். மீண்டும் பதிவு, மீண்டும் கட்டணம். தமிழ்நாட்டுச் செவிலியருக்கு இது பெரிய சிக்கல். மதிப்பெண் சான்றிதழில் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ அது அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். 'குடும்பப் பெயர்' கட்டத்தில் எதை நிரப்புவது? தந்தை பெயரையா, கணவர் பெயரையா?

நர்சிங் கல்லூரிகள் இறுதியாண்டிலேயே மாணவர்களின் ஆவணங்களை ஒப்பிட்டுத் திருத்த உதவ வேண்டும். பணம் கட்டிய பிறகு திருத்துவது பெரும்பாடு.